பழைய காரை மாற்றி அமைப்பதா, அசல் நிலைக்கு மீட்பதா? அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கொட்டகையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தவுடன், வீட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் இரண்டு யோசனைகள் சொல்லப்படும். வேறு எஞ்சின், ஏ.சி., பவர் ஸ்டியரிங், அலாய் வீல் எல்லாம் போட்டு இன்றைய காரைப் போல ஓட்டலாம் என்பது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்க வேண்டும் என்பது மற்றொன்று. பெரும்பாலும் இதை ரசனை சார்ந்த விஷயமாகவே பேசி முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் ரசனை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த வண்டியில் அசலானது எவ்வளவு எஞ்சியிருக்கிறது, செய்யப்போகும் வேலையைப் பின்னாளில் திரும்ப எடுத்துவிட முடியுமா, சட்டம் எதற்கு இடம் தருகிறது ஆகிய மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இவற்றுள் இரண்டாவது கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன், ஏனெனில் மீட்பு வேலையும்கூட ஒரு வண்டியின் அசலைத் திரும்பப் பெற முடியாதபடி அழித்துவிடக்கூடும்.

முதலில் வண்டிகளைப் பற்றி. மூன்றும் ஒரே காலத்துச் சாலையில் ஓடினாலும், இந்த முடிவைப் பொறுத்தவரை மூன்றும் வேறு வேறு. அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. 1950களின் இறுதியிலிருந்து 2014 மே வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. பல பத்தாண்டுகள் அதில் இருந்த 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரும் அதே குடும்பத்து எஞ்சினோடுதான் வந்தது. ஆகவே அதன் உதிரி பாகங்களும் அதைப் பற்றிய தொழில்நுட்ப அறிவும் இன்னும் உலகெங்கும் கிடைக்கின்றன. பத்மினி, ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் மும்பை குர்லாவில் தயாராகி, 1972க்குப் பின் சிறிது காலம் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974இல் பத்மினி ஆனது. ஹெரால்டு நம் ஊர் வண்டி. ட்ரையம்ஃப் நிறுவனத்துக்காக இத்தாலியின் மிக்கெலோத்தி வரைந்த வடிவத்தை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சுமார் பத்தாண்டுகள் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது. இங்கிலாந்தில் அப்படியொன்று தயாரிக்கப்படவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரான அம்பாசிடரில் ஒன்று உருமாறினால் ஏற்படும் இழப்பும், பத்தாண்டுகளே தயாரான ஹெரால்டில் ஒன்று உருமாறினால் ஏற்படும் இழப்பும் சமமாக முடியாது.

சட்டத்தைப் பற்றிப் பலர் வேலை முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எஞ்சின் மாற்றம், எரிவாயு கிட், மின் கிட் போன்றவற்றுக்கு அனுமதி பெறும் வழிகள் உண்டு. மாற்றிய பின் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். "எஃப்.சி.க்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லப்படும் ஆறுதலை நம்பி இறங்கியவர்கள், பதிவைப் புதுப்பிக்கும் நேரத்தில் எஞ்சின் எண் ஒத்துப்போகாமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், அசலாக வைத்திருப்பவர்களுக்கு 2021 ஜூலையில் ஒரு புதிய வழி திறந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அப்போது செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று வகைப்படுத்துகிறது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாமல் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடியாகும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவு பெற்ற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., டி.என். என்று தொடங்கும் பழைய எண் பலகைகளின் மேல் பற்றுள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். விண்டேஜ் வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி உண்டு. எனவே தினமும் அலுவலகம் போக வண்டி வேண்டும் என்பவருக்கு இந்தப் பதிவு பொருந்தாது. ஆனால் கணக்கைச் சற்று முன்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 1981இல் பதிவான பத்மினி 2031இல் ஐம்பதைத் தொடும். இன்று அதில் வேறு எஞ்சினை ஏற்றுபவர், சில ஆண்டுகளில் கிடைக்கவிருக்கும் அந்தத் தகுதியைத் தன் கையாலேயே இழக்கிறார்.

சட்டத்தை ஒதுக்கிவைத்து, எஞ்சின் மாற்றத்தைப் பொறியியல் கண்ணோடு பார்த்தாலும் அது சொல்லப்படும் அளவுக்கு எளிதன்று. பத்மினியின் 1089 சி.சி. எஞ்சின் சுமார் 40 குதிரைத்திறன் தரும். அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். ரேடியேட்டர், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் எல்லாம் அந்த நாற்பதுக்கு ஏற்ப அமைந்தவை. மாருதி ஜிப்ஸி ஜீப்பின் 1298 சி.சி. எஞ்சினைப் போல ஏறத்தாழ இரட்டிப்புத் திறனுள்ள ஒன்றை அங்கே வைத்தால், வண்டி வேகமாகப் போகும், ஆனால் அதே வேகத்தில் நிற்காது. அதற்காக டிஸ்க் பிரேக் வேண்டும். அதற்காக முன் சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டும். குளிர்விக்க வேறு ரேடியேட்டர் வேண்டும். அதை நிறுத்த முன்பக்கத் தகட்டை வெட்ட வேண்டும். அம்பாசிடரிலும் பத்மினியிலும் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அங்கே வெட்டும் ஒவ்வொரு அங்குலமும் வண்டியின் எலும்பில் வைக்கும் வெட்டு.

திருச்சியில் விற்பனைக்கு நின்ற ஒரு 1973 பிரீமியர் பிரசிடென்டை அடியில் படுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்வைக்கு மிக அழகான வண்டி. ஸ்டியரிங் அருகே இருந்த கியரை எடுத்துவிட்டு, வேறு காரின் கியர்பாக்ஸை வைத்து ஃபுளோர் கியராக மாற்றியிருந்தார்கள். நடுத் தரைத்தகட்டைக் கேஸ் வெல்டிங் சுடரால் அறுத்த விளிம்பு அப்படியே பல் பல்லாக நின்றது. குறுக்குத் தாங்கியின் ஒரு பகுதி காணாமல் போய், அந்த இடத்தில் கட்டடத்துக்குப் பயன்படும் ஆங்கிள் இரும்பு பற்ற வைக்கப்பட்டிருந்தது. ஸ்டியரிங் தண்டில் பழைய லீவர் இருந்த துளையை எம்‌சீல் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கழற்றிய கியர்பாக்ஸ் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்கள். பிரசிடென்ட் என்ற பெயரோடு வந்த ஆண்டுகளே மிகக் குறைவு என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும், கடைசி ஆண்டுகளில் வந்த பத்மினி எஸ்1 வகையில் தொழிற்சாலையே ஃபுளோர் கியரும் பக்கெட் சீட்டும் கொடுத்தது. அந்த வசதி வேண்டியவர் அந்த வண்டியையே தேடி வாங்கியிருக்கலாம். அம்பாசிடரிலும் இதே நிலைதான்: 1990களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட். வகை, இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினோடும் ஐந்து கியரோடும் உத்தர்பாராவிலிருந்தே வெளிவந்தது. நெடுஞ்சாலையில் தயங்காமல் போக ஓர் அம்பாசிடர் வேண்டுமென்றால், 1960களின் மார்க் 2 ஒன்றை அறுப்பதைவிட அதை வாங்குவதே செலவிலும் குறைவு, நியாயத்திலும் மேல்.

இனி மீட்பின் பக்கம். இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. முழு மீட்பில் பெரும் செலவு எஞ்சினுக்கு ஆவதில்லை. ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு வேலை ஆகியவற்றை எந்த ஊர் லேத்திலும் ஓரளவு கணித்துவிடலாம். கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் கிடைக்காத சிறு பாகத்தைக்கூட மாதிரி கொடுத்துச் செய்துகொள்ள முடிகிறது. பணத்தையும் மாதங்களையும் விழுங்குவது டிங்கரிங்கும் பெயின்ட்டும்தான். வெளியே பளபளக்கும் வண்டியின் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பழைய பெயின்ட்டைச் சுரண்டிய பிறகுதான் உண்மையான செலவு தெரியவரும் என்பதால், "மொத்தமாக இவ்வளவு" என்று முன்கூட்டியே தொகை பேசும் ஒப்பந்தம் பெரும்பாலும் பாதியில் நின்றுபோகிறது. ஹெரால்டுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அதற்குத் தனி சேஸிஸ் இருக்கிறது. பாடியின் பகுதிகள் போல்ட்டால் பூட்டப்பட்டவை. பானட் முழுதுமாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால் எஞ்சின் வேலைக்கு அதைப்போல் வசதியான வண்டி வேறில்லை. ஆனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்க்காமல் ஹெரால்டை வாங்கவே கூடாது. அது உள்ளே இறங்கினால், மேலே என்ன அழகு இருந்தாலும் வேலை அடியிலிருந்து தொடங்கும்.

செலவைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மீட்பு என்ற பெயரில் நன்றாக இருக்கும் அசலையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. சற்றே மங்கிய குரோமை மறுபூச்சுக்குக் கொடுக்கிறார்கள். பாலிஷ் போடும் சக்கரத்தில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கி வருகிறது. ஹெரால்டின் மர டேஷ்போர்டு வெடித்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மைக்கா ஒட்டிய பலகை வைக்கிறார்கள். ஐம்பது ஆண்டு உழைத்த ரெக்ஸின் சீட்டை, அன்றைக்கு இல்லவே இல்லாத தோல் உறையால் மூடுகிறார்கள். பழமை வாய்ந்த வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், முதலில் இருப்பதைப் பேணுதல், முடியாதபோது மட்டும் மீட்டல் என்றே வரிசை வைக்கிறது. தவிர்க்க முடியாமல் ஒரு பாகத்தை மாற்றினால், எடுத்த பாகத்தை வண்டியோடு வைத்திருக்கவும் அது பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியிலேயே, மீட்கப்படாமல் பேணப்பட்ட வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு 2001 முதல் இருக்கிறது. நம்மூரில் இன்னும் புதுப் பெயின்ட்டுக்குத்தான் கூட்டம் கூடுகிறது. தொழிற்சாலைப் பெயின்ட் அப்படியே இருக்கும் ஒரு பத்மினி உங்களிடம் இருந்தால், அது மங்கியிருந்தாலும் தயவுசெய்து அதன் மேல் அடிக்காதீர்கள்.

இந்த இரு துருவங்களுக்கும் நடுவே, நான் தயங்காமல் ஆதரிக்கும் மாற்றங்கள் சில உள்ளன. அவை போல்ட்டைக் கழற்றினால் திரும்ப வந்துவிடக்கூடியவை, அல்லது கண்ணுக்கே தெரியாதவை. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தால் இரவில் மழையில் வைப்பரும் விளக்கும் சேர்ந்து எரியும்போது பேட்டரி இறங்காது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் மூடியைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. பத்மினியின் 5.20-14 அளவிலும் அம்பாசிடரின் 5.90-15 அளவிலும் வந்த பழைய டயர்களுக்கு நிகரான ரேடியல் போடுவதும், சீட் பெல்ட் பொருத்துவதும் உயிர் காக்கும் விஷயங்கள். ஹெரால்டுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக், இங்கிலாந்தில் 1960களிலேயே ட்ரையம்ஃப் நிறுவனமே விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. அந்தக் காலத்துப் பாகத்தையே வரவழைத்துப் பூட்டினால் அதை அசலுக்கு மாறானது என்று கறாரான ரசிகரும் சொல்ல மாட்டார். ஏ.சி.யை மட்டும் அரை மனதோடுதான் சொல்வேன். நாற்பது குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து கம்ப்ரஸருக்குக் கொடுத்தது போக மீதியில் மே மாதச் சென்னைப் போக்குவரத்தில் ஊர்ந்தால், எஞ்சின் சூடேறித் தவிக்கும். ஏ.சி. காற்றுக்காக டேஷ்போர்டைத் துளைத்தவர்கள் பலர் பின்னர் கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டார்கள். துளை மட்டும் நிற்கிறது.

எரிபொருள் விஷயத்தில் மாற்றம் விருப்பமாக இல்லாமல் கட்டாயமாகவே ஆகிவிட்டது. இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்துவிட்டது. ஈயம் வால்வு இருக்கையைத் தேயாமல் காத்தது. அது போனபின், ஹெட்டைத் திறக்கும் வாய்ப்பு வரும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திவிடுவதே நல்லது. அடுத்து வந்தது எத்தனால். 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஊறவைத்து இளக்குகிறது. ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அதிகம் ஓடாத வண்டியின் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது. வண்டியை அடியோடு அசலாக மீட்பவர்கூட எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் போட்டே ஆக வேண்டும். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசியும் அசல் ஹோஸால் யாருக்கும் பெருமை இல்லை.

மின்சார வண்டியாக மாற்றுவது பற்றியும் இப்போது அதிகம் கேட்கிறார்கள். அதற்கு ஏ.ஐ.எஸ். 123 தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், அந்தக் கிட் உங்கள் வண்டி வகைக்கே அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆர்.சி.யிலும் எரிபொருள் மாற வேண்டும். பாடியை வெட்டாமல் பழைய எஞ்சின் தாங்கிகளிலேயே பொருத்தி, எடுத்த எஞ்சினைப் பத்திரப்படுத்தினால், எஞ்சினை மாற்றும் மற்ற வேலைகளைவிட இது குறைந்த சேதம் தருவதே. ஆயினும் அபூர்வமான வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணத்தின் கணக்கு எப்படி? இரண்டு வழியிலும் போட்ட பணம் முழுதாகத் திரும்பும் என்று எண்ணி இறங்கக் கூடாது. வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. மாற்றி அமைத்த வண்டி, செய்தவரின் விருப்பத்தை ஒட்டியது. அதே விருப்பமுள்ள ஒருவர் வந்தால்தான் விலை போகும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போய், பழைய பில்களோடு நிற்கும் அசல் வண்டியைக் கேட்டு வருபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸிலும் இதே கதைதான். நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து நேரத்தில் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகிவிடும்.

அப்படியானால் யார் எதைச் செய்வது? தன் எஞ்சினோடும் வெட்டப்படாத பாடியோடும் நிற்கும் ஹெரால்டு, முன்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும் பழைய ஃபியட் 1100, பிரசிடென்ட், தொடக்க கால அம்பாசிடர் ஆகியவற்றை மாற்றி அமைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். அவற்றை மீட்கப் பணம் இல்லையென்றால் காய்ந்த இடத்தில், டேங்கைக் காலி செய்து, டயரில் பாரம் ஏறாமல் கட்டை கொடுத்து நிறுத்தி வையுங்கள். பத்தாண்டு கழித்துச் செய்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 1980களிலும் 90களிலும் டீசல் மலிவாக இருந்ததால் மேட்டடார் எஞ்சின் ஏற்றப்பட்டு, டாக்ஸியாக உழைத்து, பாடியில் பாதி தகடு மாற்றப்பட்ட பத்மினியும் அம்பாசிடரும் ஏராளம். அவற்றை அசல் நிலைக்குக் கொண்டுவருவதென்றால் சென்னையின் உதிரி பாகச் சந்தைகளான புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் மாதக்கணக்கில் பாகம் தேடி, இன்னொரு நல்ல வண்டியின் விலையைக் கொட்ட வேண்டியிருக்கும். அத்தகைய வண்டியை, அனுமதி பெற்று, பிரேக்கிலிருந்து தொடங்கி, தனக்குப் பிடித்தபடி அமைத்துக்கொள்பவரை நான் மனமார வரவேற்கிறேன். அது குப்பைக்குப் போகாமல் சாலையில் இருப்பது நல்லதே. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட 1980களின் சாதாரணப் பத்மினி, குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர் போன்றவற்றுக்கு, மேலே சொன்ன கழற்றக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

எந்த வழியானாலும், ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி முடிந்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் பணம் கொடுங்கள். கழற்றிய டைனமோ, கார்புரேட்டர், லீவர், சின்னம் பொறித்த மூடி என்று எதையும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராமல், பெயர் எழுதிக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்து, வண்டியை விற்கும் நாளில் ஆர்.சி.யோடு சேர்த்து வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.